எங்கள் பாட்டன்மாரின் பெயர் இருக்கும் பதிவேடுகளை அழிக்காதீர்கள்: இலங்கை மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசின் வருவாய்த் துறைக்கும், பழைய ஆவணங்களைப் பேணும் பொறுப்பில் உள்ளவர்களுக்கும், அயலகத் தமிழர் நலனைக் கவனிக்கும் துறைக்கும்,

உங்கள் மாநிலத்தின் தாலுகா அலுவலகம் ஒன்றிலிருந்து எனக்கு எழுத்தில் ஒரு பதில் வந்திருக்கிறது. ஒரு கிராமத்தின் 1890-களிலிருந்து 1920-கள் வரையிலான பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்டிருந்தேன். மனுதாரர் இந்தியக் குடிமகள் அல்ல என்பதால் தகவல் தர இயலாது என்று முதல் வரி சொல்கிறது. கேட்கப்பட்ட பதிவேடுகள் பயன்பாடு அற்றவை என்பதால் கழிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன என்று இரண்டாவது வரி சொல்கிறது. முதல் வரியோடு நான் வாதாட முடியும். இரண்டாவது வரிதான் இந்த மடலை எழுத வைத்தது.

அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கிருந்த எழுத்தர் என்னை மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார். "நிலம் ஏதாவது பாத்தியதை இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் இதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல. பழைய காகிதத்தைத் தேடி வருகிறவர் சொத்துக்காகத்தான் வருவார் என்ற எண்ணம் உங்கள் அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. அவருக்கு அன்று நின்ற நிலையில் சொல்ல முடியாமல் போன பதிலை உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

நான் இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், தேயிலைத் தோட்டத்து லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடு) ஒன்றில் பிறந்தவள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் எங்கள் டிவிசனில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, இந்தியாவுக்குப் போன அண்ணனின் முகவரி, குடியுரிமைக் கடதாசி எல்லாம் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. அப்படி வந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு கட்டத்தில் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "டீச்சர், நம்ம ஊர் இந்தியாவில் எது?"

எங்கள் மக்கள் காப்பிக் காலத்தில், 1820-களில், கடல் தாண்டி வரத் தொடங்கினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். அந்தப் பாதையில் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, சேலமும் திருச்சியும் மதுரையும் காய்ந்தபோது ஊர் ஊராகக் கிளம்பி வந்தார்கள். பிறகு தேயிலைக்காக வந்தார்கள். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலிகள் போவதைத் தடைசெய்யும் வரை இந்தப் போக்குவரத்து நிற்கவில்லை.

இவ்வளவு பேர் போனதற்கு ஆள்வாரியாகப் பதிவு உண்டா என்றால், இங்கேதான் மற்ற நாட்டுத் தமிழர்களிடமிருந்து எங்கள் கதை பிரிகிறது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறிய சுமார் 1,52,000 பேருக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். டர்பனில் பிறந்த ஒருவர் தன் கொள்ளுப்பாட்டியின் ஊரைக் கண்டுபிடிக்க அந்த ஒரு வரி போதும். மொரீசியசில் மோக்கா ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இந்தியக் குடியேற்ற ஆவணங்களைக் காக்கிறது. பிஜி, கயானா, சுரினாம், டிரினிடாட் நாடுகளின் ஒப்பந்தக் கூலிப் பதிவுகளை யுனெஸ்கோ 2011-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இலங்கைக்கு வந்தவர்கள் அந்த மாதிரி ஒப்பந்தத்தில் வரவில்லை. கங்காணியோடு வந்தார்கள். கங்காணி தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் ஆள் திரட்டி, முன்பணம் கொடுத்து, கூட்டமாக அழைத்துவந்தார். அந்தக் கடன் ஏறிய காகிதத்துக்குத் 'துண்டு' என்று பெயர். 1921-இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கழுத்தில் தொங்கவிட ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். அதில் தோட்டத்தின் எண் இருந்தது. ஆளின் பெயர் இல்லை. தூத்துக்குடி அருகே தட்டப்பாறையிலும் பிறகு ராமேஸ்வரம் அருகே மண்டபத்திலும் முகாம் அமைத்து, அம்மை குத்தி, கிருமிநாசினியில் குளிப்பாட்டி அனுப்பினார்கள். திருச்சியிலிருந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையம் ஆள் சேர்ப்பதை நடத்தியது. எத்தனை தலை என்று எண்ணினார்கள். இன்ன ஊர் இன்னாரின் மகன் என்பதைக் காக்க வேண்டிய தேவை அந்த ஆட்சிக்கு இருக்கவில்லை.

இலங்கைப் பக்கத்தில் மிஞ்சியது தோட்டத்துச் செக்ரோல், அதாவது தொழிலாளர்களின் பெயர்ப் பேரேடு. துரைமார் போய், 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992-இல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய பேரேடுகள் குப்பைக்குப் போயின. வீட்டில் வைத்திருந்ததும் நிலைக்கவில்லை. 1977 ஆகஸ்ட் வன்முறையில் எங்கள் லயம் எரிந்தபோது, அப்பாயி தன் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த காகிதங்கள் எல்லாம் போயின. இதே கதையை 1983-ஐச் சொல்லி அழுகிற குடும்பங்கள் எத்தனையோ உண்டு.

ஆகவே எங்களைப் பற்றி எழுதப்பட்டது ஏதாவது மிஞ்சியிருந்தால், அது நாங்கள் புறப்பட்ட ஊரில்தான் இருக்க வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவேட்டில், அம்மை குத்திய பட்டியலில், கிராமப் பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவில், கிறிஸ்தவக் குடும்பமானால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில். உங்கள் அலுவலகங்களில் நன்றாகப் பாதுகாக்கப்படுவது நிலப் பதிவு: அ பதிவேடு, சிட்டா, அடங்கல், செட்டில்மென்ட் கணக்கு. அவற்றில் பட்டா வைத்திருந்தவர் பெயர் இருக்கும். எங்களில் பெரும்பகுதியினர் நிலமே இல்லாத சேரி மக்களும் குடியானவர் வீட்டில் வேலை செய்தவர்களும். நிலம் இருந்திருந்தால் ஏன் கப்பல் ஏறுகிறார்கள்? நிலப் பதிவை மட்டும் காத்து மற்றதைக் கழிக்கலாம் என்ற முடிவு, யாருடைய முன்னோருக்குச் சுவடு இருக்க வேண்டும், யாருடையதுக்கு இருக்கக் கூடாது என்ற முடிவாகவே ஆகிறது. நீங்கள் அப்படி நினைத்து எடுத்த முடிவல்ல என்று நம்புகிறேன். விளைவு அதுதான்.

இந்தப் பிறப்புப் பதிவேடுகளும் எளிதானவை அல்ல என்பது எனக்குத் தெரியும். பல பதிவுகளில் குழந்தைக்குப் பெயரே இல்லை. 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருக்கும், தகப்பன் பெயரும் சாதியும் இருக்கும். இருந்தாலும் அதுவே எங்களுக்குப் போதுமானதாக ஆகிவிடுவது உண்டு. நாங்கள் தேடும் முறை அப்படி. தாத்தா பெயருக்கு முன்னால் இருக்கும் ஓர் எழுத்திலிருந்து தொடங்குகிறோம். பிறகு அவர் எந்தப் பெரிய கங்காணியின் ஆள் என்று கேட்கிறோம். ஒரு கங்காணியின் கீழ் வந்தவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள் என்பதால், கங்காணி ஊர் தெரிந்தால் வட்டம் சுருங்கும். அதன்பின் குலதெய்வம். ஊர்ப் பெயரை மறந்த குடும்பமும் தெய்வத்தின் பெயரையும், கோயில் ஆற்றங்கரையிலா மலையடிவாரத்திலா என்பதையும் மறப்பதில்லை. யார் வீட்டில் பெண் எடுத்தோம், எந்த ஊருக்குக் கொடுத்தோம் என்று கிழவிகள் சொல்வதையும் எழுதிக்கொள்கிறோம். இவையெல்லாம் சேர்ந்து ஓர் ஊரின் வாசல் வரை கொண்டுவந்து விடும். அங்கே பதிவேட்டில் தகப்பன் பெயர் ஒன்று பொருந்தினால்தான் அது நம் ஊர் என்று உறுதி. அந்தப் பதிவேட்டைத்தான் நீங்கள் கழிக்கப்போகிறீர்கள்.

எங்களிடம் காகிதமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமும், தகப்பன் அல்லது பாட்டனும் கொள்ளுப்பாட்டனும் இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது; நிரூபிக்க முடியாத எங்களை நாடற்றவர்களாக்கியது. 1949-இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போடப்பட்டது. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை எங்களை இரண்டு நாடுகளுக்குப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. என் தகப்பனார் 1950-களில் எழுதிய விண்ணப்பத்தின் நகல் ஒன்று அவருடைய தம்பி வீட்டில் தப்பியிருந்தது. அதில் 'திருச்சினாப்பள்ளி ஜில்லா' என்றும், தாலுகா பெயரும், ஒரு பட்டியின் பெயரும் இருக்கின்றன. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டுதான் உங்கள் மாநிலத்துக்கு வந்தேன்.

இதைப் போல ஒரு காகிதம் கையில் இருந்தாலும் பாதை எளிதல்ல. அன்றைய திருச்சி ஜில்லாவின் கிராமங்கள் இன்று கரூர், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இருக்கின்றன. நாமக்கல் தாலுகா 1910-இல் சேலத்திலிருந்து திருச்சிக்கு மாறி, பிறகு சேலத்துக்கே திரும்பி, 1997-இல் தனி மாவட்டமானது. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். இராமநாதபுரம் 1985-இல் பிரிந்தது. ஒரே பெயரில் பட்டிகள் பத்து இருக்கும். புதுப்பட்டி இல்லாத தாலுகா உண்டா? வெள்ளைக்காரர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதி, அதைத் திரும்பத் தமிழில் எழுதும்போது பட்டி எது பாடி எது என்றே புரிவதில்லை. உள்ளூர்க்காரருக்கே தலை சுற்றும் இந்த மாற்றங்களை எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து வரும் ஒருவர் எப்படி அறிவார்? ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டும். அங்கே போனால், பிரிவினையின்போது கட்டுகள் இங்கே வரவில்லை என்பார்கள். 1980-இல் கர்ணம், மணியக்காரர் என்ற கிராமக் கணக்கர், தலையாரிகளுக்கு மேலான ஊர் அதிகாரி பதவிகள் ஒழிக்கப்பட்டபோது கணக்குகள் எல்லாம் ஒழுங்காகக் கைமாறினவா என்று கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

இனி முதல் வரிக்கு வருகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, அந்த உரிமையைக் குடிமக்களுக்குத்தான் தருகிறது. அதன் 3-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. அதன் 17-ஆம் பிரிவு, பதிவேட்டில் ஒரு பதிவைத் தேடச் சொல்லும் உரிமையை எந்த ஒரு நபருக்கும் கொடுக்கிறது. மாநில விதிகளுக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டு. குடிமகன் என்ற சொல் அங்கே இல்லை. இன்று பிறந்த குழந்தையின் பதிவை யாரும் தேடிக் கேட்கலாம் என்றால், நூறு ஆண்டுக்கு முன் இறந்த ஒருவரின் பதிவை அவருடைய கொள்ளுப்பேத்தி பார்ப்பதில் எவருடைய அந்தரங்கம் கெட்டுவிடும்? வாரிசு என்பதற்குச் சான்று கொண்டுவா என்கிறார்கள். அந்தச் சான்று உங்கள் பதிவறையில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தானே அனுமதி கேட்கிறேன்.

இது ஓய்வுபெற்ற ஒருத்தியின் ஆசை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். உடன்படிக்கையின் கீழ் திரும்பிவந்து நீலகிரியில் குடியமர்ந்த குடும்பங்களில் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் படும் பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கூடலூர்ப் பக்கம் என்னிடம் படித்த ஒருவர் இருக்கிறார். அவருடைய மகள் கல்லூரியில் சேர வேண்டிய நேரத்தில், பாட்டன் எந்த ஊர், அங்கே என்ன சாதி என்று எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். அவரிடம் இருந்தது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை மட்டும். சேர்க்கைக் காலம் முடிந்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்குச் சான்றிதழ் வந்தது. அந்த ஒரு வருடத்தை யாரும் அவளுக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

1983-க்குப் பிறகு அகதிகளாக வந்து முகாம்களில் இருக்கும் மலையகத் தமிழர்களின் நிலை இன்னும் கடினம். 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களில் உள்ள இந்திய வம்சாவளித் தமிழர்களின் குடியுரிமைக் கோரிக்கையை மற்ற அகதிகளின் கோரிக்கையோடு சேர்த்துப் பார்க்காமல் தனியே பரிசீலிக்க வழி திறந்தது. வம்சாவளி என்பதை எதை வைத்துக் காட்டுவது? பாட்டன் பிறந்த கிராமத்தின் பதிவு ஒன்று கிடைத்தால் அந்தக் குடும்பம் தலை நிமிர்ந்து விண்ணப்பிக்க முடியும். அதே மண்டபம் முகாமில்தான் அந்தப் பாட்டனை அம்மை குத்தி அனுப்பினார்கள். அதே முகாமில்தான் பேரனை அகதி என்று பதிந்தார்கள்.

காகிதம் இல்லை என்ற காரணத்துக்காக இலங்கையில் ஒரு தலைமுறை முழுவதும் நாடு இழந்தது. அதே காரணத்தைத் தமிழ்நாட்டிலும் கேட்க வேண்டியிருப்பது எனக்குத் தாங்கவில்லை. அங்கே காகிதம் உண்டாகவே இல்லை. இங்கே உண்டு, இருக்கிறது, கழிவுப் பட்டியலில் ஏறியிருக்கிறது.

நல்ல வேலையும் உங்கள் மாநிலத்தில் நடக்கிறது என்பதை அறிவேன். 'வேர்களைத் தேடி' என்ற திட்டத்தில் வெளிநாட்டுத் தமிழ் இளைஞர்களை அழைத்துவந்து தமிழ்நாட்டைச் சுற்றிக் காட்டுகிறீர்கள். ஆண்டுதோறும் ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களைத் தலவாக்கலையிலிருந்தும் திறந்து படிக்க முடிகிறது. என் மாணவர்கள் படிக்கிறார்கள். தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகமும் 'அபிலேக் படல்' தளத்தில் ஆவணங்களை ஏற்றியிருக்கிறது, ஆனால் அங்கே குடியேற்றம் பற்றி இருப்பது பெரும்பாலும் அதிகாரிகள் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள். கருப்பாயி மகன் ராமன் எந்த ஊர் என்று அதில் தேட முடியாது. எங்கள் பிள்ளைகள் தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்கட்டும், மகிழ்ச்சி. தங்கள் சொந்தக் கிராமத்தின் பெயரையும் அவர்கள் அறிந்து ஊர் திரும்ப வேண்டும் என்பதே நான் கேட்பது.

நான் கேட்பவற்றை இப்போது தெளிவாக எழுதுகிறேன்.

1950-க்கு முந்திய பிறப்பு, இறப்பு, அம்மை குத்தல், கிராமக் கணக்கு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் எதையும், எந்த அலுவலகத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் கழிக்கக் கூடாது என்று மாநிலம் முழுவதுக்கும் பொருந்தும் ஆணை ஒன்றை உடனே பிறப்பியுங்கள். ஏற்கெனவே கழிவுப் பட்டியலில் ஏறியவற்றை நிறுத்தி வையுங்கள். மின்மயமாக்க நிதி வேண்டும், காலம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. அழிக்காமல் இருக்க நிதி வேண்டியதில்லை.

எந்தக் கிராமத்தின் எந்த ஆண்டுப் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்ற பட்டியலை மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். அதோடு 1900-லிருந்து இன்று வரை எந்தத் தாலுகா எந்த மாவட்டத்துக்கு மாறியது என்ற அட்டவணையையும் சேர்த்துத் தாருங்கள். இந்த இரண்டும் இருந்தால் தேடி வருபவர்களின் அலைச்சல் பாதியாகக் குறையும்.

நூறு ஆண்டு கடந்த பதிவுகளை, குடியுரிமை எதுவானாலும், அடையாள அட்டையைக் காட்டி உரிய கட்டணம் செலுத்திப் பார்க்கலாம் என்று விதி செய்யுங்கள். நேரில் வர முடியாதவர் அஞ்சலில் கேட்கவும் வழி வேண்டும். தோட்டத் தொழிலாளி ஒருவரின் சம்பளத்தில் விமான டிக்கெட் வாங்க முடியாது.

மண்டபம், தட்டப்பாறை முகாம்கள் தொடர்பாக உங்கள் பொறுப்பில் உள்ள எல்லாப் பதிவுகளையும், 1964-க்குப் பின் திரும்பிவந்தோரின் மறுவாழ்வுக் கோப்புகளையும் ஒரே இடத்தில் திரட்டிப் பெயர் அடைவு தயாரியுங்கள். அந்த உடன்படிக்கையின் கீழ் இந்தியக் குடியுரிமைக்கு எங்கள் மக்கள் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்களைக் காத்து, வாரிசுகளுக்கு நகல் தரும்படி மத்திய அரசையும் நீங்கள் கேட்க வேண்டும். பழைய எழுத்துகளைப் படிக்கவும் அடைவு எழுதவும் ஆள் போதாது என்றால் எங்களிடம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஊதியம் இல்லாமல் வருவோம்.

கடைசியாக ஒன்று. எனக்கு வந்த பதில் கடிதத்தின் நகலை, அலுவலகப் பெயரோடு, இந்த மடலோடு சேர்த்து உங்கள் மூன்று துறைகளுக்கும் பதிவு அஞ்சலில் தனியே அனுப்பியிருக்கிறேன். அதில் குறிப்பிட்டுள்ள பதிவேடுகள் இன்னும் அழிக்கப்படவில்லை என்பதையும், அவை எந்த அறையில் யார் பொறுப்பில் இருக்கின்றன என்பதையும் எழுத்தில் எனக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளி ஆசிரியை,
நுவரெலியா மாவட்டம், இலங்கை